விலகு புள்ளி

நொவீனாவில் நான் எச் எழுபத்தொன்று.
ஜூரோங் மேற்கில் பி பத்தொன்பது.
கெண்ட் ரிட்ஜ் இசைக்கூடத்தில் எண்கூட இல்லை:
"இடக்கைக்காரர், பெண், ஐம்பத்திரண்டு."
பெயர் எழுதக்கூடாதாம், அறநெறிக் குழுவின் விதி.

வேலை, லிஃப்ட் பழுதானால் இரவில் போன் எடுப்பது.
"பயப்படாதீங்க, ஆள் வந்துகிட்டே இருக்காங்க"
இந்த ஒரு வாக்கியம் எனக்கு நான்கு மொழியில் தெரியும்.
ஓய்வு நாளில் உடம்பை ஆராய்ச்சிக்கு வாடகைக்கு விடுகிறேன்.
இருபது வெள்ளி, சில சமயம் பற்றுச்சீட்டு.
அரிசி, முட்டை, போன மாதம் ஒரு குடை.

வெய் ஜுன் மணிக்கட்டில் கடிகாரம் கட்டினார்.
இரவுப்பணி இதயத்தை என்ன செய்கிறது
என்பது அவர் கேள்வி. குளிக்கும்போதும் கழற்றக்கூடாது.

அதே பதினைந்து நாளில் ஃபர்ஸானா:
தூக்கம் வராதவர்கள் போனில் எதைத் தேடுகிறார்கள்,
கிடைத்ததை எதனால் நம்புகிறார்கள்?
என் தேடல்களை அச்சிட்டு மஞ்சள் மையால் பிரித்தார்,
உடல்நலம், பணம், சமையல், சமூகம்.
சமூகம் என்று அவர் எழுதியது வம்பு.

பிரெண்டன் பெரேரா ஹெட்போனை மாட்டிவிட்டார்.
"தாளம் நின்ன பிறகும் தட்டிக்கிட்டே இருங்க."
மனிதருக்குள் ஓடும் கடிகாரம் எந்த மூலையில் இருக்கிறது
என்று ஏழு வருடமாகத் தேடுகிறாராம்.
அவர் அறைச் சுவரில் தந்தியில்லாத ஒரு வயலின்.

மற்ற இருவரையும் தெரியுமா என்று கேட்டேன்.
சிரித்தார்.
வேறு துறை, வேறு கட்டடம், வேறு கேன்டீன்.

முடிவில் மூவருமே, மரியாதைக்கு, வரைபடம் காட்டினார்கள்.
பதினோராம் நாள், அதிகாலை மூன்று பத்து,
நாடித்துடிப்பு நூற்றுப் பதினெட்டு.
"பட்டை தளர்ந்திருக்கும், இதைச் சேர்க்க வேண்டாம்" என்றார் வெய் ஜுன்.
அதே மூன்று பத்திலிருந்து அரைமணி நேரம்
ஃபர்ஸானாவின் தாளில் வெறும் வெள்ளை.
"தூங்கிட்டீங்க போல."
பிரெண்டன்தான் கொஞ்சம் யோசித்தார்.
தாளம் நின்றதும் எல்லாரும் சற்றே வேகமெடுப்பார்களாம்.
நான் மட்டும் மெதுவாகி
இன்னும் மெதுவாகி
விரலை எடுத்துவிட்டேனாம்.
"களைப்பா?"
ஆமாம் என்றேன்.

தோ பாயோவில், பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில்,
பேச்சு வராத ஒருவர். மூச்சு மட்டும்.
கேக்குதுன்னா தட்டுங்க என்றேன்.
தட்டினார்.
தனியாக இல்லை என்று தெரியட்டுமே என்று
நானும் மேசையில் தட்டினேன்.
அவர் ஒன்று, நான் ஒன்று.
அவர் ஒன்று,
நான் ஒன்று.
நான் ஒன்று.

"பழுது நீக்கப்பட்டது, 3.41" என்கிறது பதிவேடு.
அது லிஃப்டைப் பற்றியது.
ஆளைப் பற்றி எழுத எங்களிடம் கட்டம் கிடையாது.
ஓய்வு இரவிலும் மூன்று பத்துக்கு விழித்து
அவர் பெயர் தெரியாமல்
தோ பாயோ, லிஃப்ட், ஆண் என்று தேடினேன்.
ஒன்றும் வரவில்லை. காலையில் அழித்தேன்.

சம்மதப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டிருந்தார்கள்:
என் தரவைப் பிற ஆய்வுகளோடு பகிரலாமா?
மூன்றிலும் 'வேண்டாம்'.
யாரும் வற்புறுத்தவில்லை. இரண்டாவது படிவத்தில்
பேனா எழுதாமல் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது.

மூன்று கட்டுரைகளும் வந்துவிடும்.
ஒன்று பூசானில் வாசிக்கப்படுமாம்.
நான் அவற்றில் இருப்பேன், சராசரிக்குள் கரைந்து,
அந்த அரைமணி நேரம் நீங்கலாக.

செவ்வாய்க்கிழமை புதிதாக ஒன்று, வாசனை ஆராய்ச்சி.
பதினைந்து வெள்ளி.
அறை ஒன்பதாம் மாடியில் என்கிறது மின்னஞ்சல்.
கொஞ்சம் சீக்கிரமே கிளம்ப வேண்டும்,
படியேற எனக்கு நேரமாகும்.